காரைக்குடியில் ஆறு சனிக்கிழமைகள்: அணி மாறிய வாக்குகளுக்கு ஐந்தொகை போடும் ஒரு வகுப்பு

காரைக்குடி செக்காலைச் சாலைக்குப் பின்புறத்துத் தெரு ஒன்றில், பழைய நகரத்தார் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை மாலைகளில் தேர்தல் வகுப்பு நடத்துகிறார்கள். குரூப் தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் மகளைத் தேவகோட்டையிலிருந்து அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவதுதான் எனக்கு இடப்பட்ட வேலை. இரண்டு மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட உள்ளே உட்காரலாம் என்று முதல் நாளே நானும் 1,200 ரூபாய் கட்டிச் சேர்ந்துகொண்டேன். ஆறு வாரங்களுக்கும் ஒரே தலைப்பு: குடியரசுத் தலைவர், அதிபர் தேர்தல்களில் தம் கட்சியின் எல்லையைத் தாண்டி விழும் வாக்குகள். ஒரே பொருளை ஆறு மாலைகளுக்கு இழுக்க முடியுமா என்ற சந்தேகத்தோடு போனவன் நான். முடியும் என்பதோடு, சில இடங்களில் ஆறு போதவில்லை என்றும் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பு நடக்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முன்கூடமான முகப்பு, திறந்த முற்றமான வளவு, அதற்கும் பின்னுள்ள இரண்டாங்கட்டு என மூன்று பகுதிகளிலும் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் முகப்புக்கும் வளவுக்கும் இடையிலுள்ள நிலைவாசலில் நின்று பேசுகிறார். முகப்பில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும்; வளவில் மழை பெய்தால் எதுவும் கேட்காது; இரண்டாங்கட்டில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கிதான் ஆசிரியர். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை கோடையிலும் குளிர்ச்சியாக இருப்பதால், மின்சாரம் போன இரண்டாம் வாரத்தில் பாதிப் பேர் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி அமர்ந்துவிட்டோம். ஐந்து மணிக்கு என்று சொல்லிவிட்டு ஐந்தே கால், ஐந்தரைக்குத்தான் தொடங்குகிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கடைசிப் பேருந்து பற்றிய கவலை உண்டு என்பதை நடத்துபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் மாலை முழுவதும் கணக்கு. நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கும் மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கில்லை. சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பு உண்டு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234 உறுப்பினர்களால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆகவே நம் காரைக்குடி உறுப்பினரின் ஒரு சீட்டு 176 ஆக எண்ணப்படும். உத்தரப் பிரதேச உறுப்பினரின் சீட்டு 208. சிக்கிம் உறுப்பினருடையது வெறும் 7. இதை ஆசிரியர் கரும்பலகையில் வகுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, முகப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எங்க கோயில்ல பர்மாக்காரனோ பட்டமங்கலத்தானோ ஒரு புள்ளிக்கு ஒரே வரி. இங்க புள்ளிக்குப் புள்ளி எடை வேறயா?" என்று கேட்டார். மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிக் கோயிலுக்கு வரி வாங்கும் நகரத்தார் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. ஆசிரியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்த ஐந்து வாரங்களுக்கும் "புள்ளி" என்ற சொல்லையே பயன்படுத்தினார். அதற்காகவே அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அதே மாலையில் சொல்லப்பட்ட இன்னொரு செய்திதான் வகுப்பு முழுவதற்கும் அச்சாணி. இன்னாருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க முடியாது, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இதில் பாய்வதில்லை, வாக்கெடுப்பு இரகசியமானது. நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சைச் சீட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. 2017 முதல் தேர்தல் ஆணையம் தரும் ஊதா மை பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். சொந்தப் பேனாவால் எழுதினால் வாக்குச் செல்லாது. மாநிலங்களவைத் தேர்தலில் தம் கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட வேண்டிய அதே உறுப்பினர், இங்கே யாரிடமும் காட்டக் கூடாது. அணி மாறி வாக்களிக்க இவ்வளவு வசதியான தேர்தல் நம் நாட்டில் வேறில்லை என்று ஆசிரியர் சொன்னபோது வளவில் சிரிப்பலை எழுந்தது.

இரண்டாம் வாரம் 1969. மின்சாரம் போனதும் அன்றுதான், வகுப்பின் மிகச் சிறந்த மாலையும் அதுதான். 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். துணைத் தலைவராக இருந்த வி.வி. கிரி பொறுப்பேற்றார். காங்கிரசின் மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினார்கள். அவருடைய வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் பிரதமர் இந்திரா காந்தியும் ஒருவர். பிறகு ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அரசுடைமையாயின. அதற்கான அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட கிரி, மறுநாள் பதவி விலகித் தேர்தலில் இறங்கினார். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. இந்த வகுப்பில் அது முக்கால் மணி நேரம் நீண்டது, காரணம் இடம் அப்படி. அந்த 14 வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. கானாடுகாத்தானைச் சேர்ந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய அந்த வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, ரங்கூன் ஆகிய ஊர்களோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அப்படி ஓர் ஊரில் உட்கார்ந்து 1969 ஜூலையைக் கேட்கும்போது, டெல்லிச் செய்தி வீட்டுச் செய்தியாகிவிடுகிறது. தம் தகப்பனார் வங்கிப் பங்கு வைத்திருந்ததையும், வானொலியில் செய்தி வந்த இரவு வீட்டில் யாரும் சாப்பிடாமல் படுத்ததையும் ஒரு ஆச்சி சொன்னார். ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு கணக்கு. தம் கட்சியின் வேட்பாளர் பெயரை முன்மொழிந்த பிரதமரே, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று சொன்னார். திமுகவும் இடதுசாரிகளும் கிரியை ஆதரித்தார்கள். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. ஆகஸ்ட் 16இல் வாக்கெடுப்பு, 20இல் எண்ணிக்கை. வேட்பாளர்களுக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுதும் தேர்தல் இது. முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. வெற்றிக்குத் தேவை செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல், அதாவது 4,18,169. எவருக்கும் அது கிடைக்காததால், பின்தங்கியவர்களின் சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பங்களைப் பிரித்துச் சேர்த்தார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. ஆசிரியர் இந்த எண்களை வரவு, பற்று என இரண்டு பத்தியாகப் பிரித்துப் பழைய பேரேட்டு முறையில் பலகையில் எழுதினார். இரண்டாம் சுற்றில் ரெட்டிக்கு வந்த வரவு 91,879; கிரிக்கு வந்தது 18,562. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தேஷ்முக்கின் வாக்குகளில் பெரும்பகுதி, முன்கூட்டியே பேசி வைத்தபடி ரெட்டிக்கே சென்றிருக்கிறது. அங்கே கட்டுப்பாடு குலையவில்லை. குலைந்தது ரெட்டியின் சொந்த வீட்டில், அதுவும் முதல் சுற்றிலேயே. இத்தனை ஆண்டுகளாக "இரண்டாம் விருப்ப வாக்கால் வென்ற கிரி" என்றே படித்து வந்த எனக்கு, இரண்டாம் சுற்று கிரியின் முன்னிலையை ஏறக்குறைய 88,000இலிருந்து 14,650ஆகக் குறைத்தது என்பது புதிய செய்தி.

அந்தத் தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்னார், மனு தள்ளுபடியானது என்பதை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். தோற்ற ரெட்டி 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானதையும் தேநீர் வந்த அவசரத்தில் ஒரு வாக்கியமாகச் சொன்னார். தேநீரோடு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொடுக்கிறார்கள், கட்டணத்தில் அடக்கம். சட்னி கொஞ்சம் காரம் அதிகம், ஆனால் இதைக் குறையாக எழுதினால் இந்த ஊரில் என்னைச் சிரிப்பார்கள்.

மூன்றாம் வாரம் 2002 முதல் 2022 வரை. இங்கே ஆசிரியர் ஒரு நல்ல பிரிவினையைச் செய்தார். கட்சியே முடிவெடுத்து எதிரணி வேட்பாளரை ஆதரிப்பது ஒன்று. கட்சி முடிவை மீறி உறுப்பினர் தனியாக மாறுவது வேறு. 2007இல் பாரதிய ஜனதா அணியில் இருந்த சிவசேனை, மராட்டியர் என்பதால் பிரதீபா பாட்டிலை ஆதரித்ததும், 2012இல் அதே கட்சி பிரணாப் முகர்ஜியை ஆதரித்ததும் முதல் வகை. இராமேசுவரத்து அப்துல் கலாமுக்கு 2002இல் பாரதிய ஜனதாவும் காங்கிரசும் ஒன்றாக வாக்களித்து 9,22,884 மதிப்பைக் குவித்தபோது, எல்லை தாண்டியவை கட்சிகளே. எதிர்த்து நின்ற இலட்சுமி சாகல் பெற்றது 1,07,366. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் அவர் வழிநடத்திய ஜான்சிராணிப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. "கலாம் நம்ம பிள்ளை, ஆனா கேப்டன் அம்மாவுக்கு ஓட்டு இருந்தா நான் அங்கதான் போட்டிருப்பேன்" என்று அதே ஆச்சி சொன்னார். ஆசிரியர் இதையும் விடாமல், இதுதான் எல்லை தாண்டும் மனம் என்று குறிப்பெழுதச் சொன்னார்.

இரண்டாம் வகைக்கு 2022. திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177. வாக்குச்சீட்டுகளை மாநிலவாரியாகப் பிரித்து எண்ணுவதால், எந்த மாநிலத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக விழுந்தது என்று தெரிந்துவிடும். எவருடைய சீட்டு என்று மட்டும் தெரியாது. கேரளத்தில் 140 உறுப்பினர்களும் சின்காவை ஆதரித்த இரு அணிகளைச் சேர்ந்தவர்கள். எண்ணியபோது ஒரு வாக்கு முர்முவுக்கு விழுந்திருந்தது. அடிப்படை பூச்சியமாக இருந்ததால் அந்த ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மற்ற மாநிலங்களில் கிடைப்பது நிகரக் கணக்கு மட்டுமே. இங்கிருந்து ஐவர் அங்கும், அங்கிருந்து மூவர் இங்கும் மாறியிருந்தால் இருவர் மாறியதாகவே பேரேடு காட்டும். இதை அவர் விளக்கிய விதம் அருமை. ஆனால் அதன்பிறகு அரை மணி நேரத்தை, எந்த மாநிலத்தில் யார் மாறியிருக்கக்கூடும் என்ற ஊகத்தில் வகுப்பே செலவழித்தது. இரகசியமே இந்தத் தேர்தலின் உயிர் என்று அரை மணிக்கு முன்புதான் பாடம் நடத்திய ஆசிரியர் அதைத் தடுத்திருக்க வேண்டும். அவரோ சேர்ந்து ஊகித்தார்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் அமெரிக்காவுக்கு. கட்டணத்துக்கு முழுப் பயனும் கிடைத்ததா என்று எனக்குத் தயக்கம் தரும் பகுதி இதுதான், இத்தனைக்கும் அணி மாறும் சாதாரண வாக்காளரைப் பற்றிய பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் மாறுவது உறுப்பினர். அங்கே மாறுவது தொழிற்சாலைத் தொழிலாளி, விவசாயி, ஆசிரியை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் பதிந்துகொள்ளலாம். ஆனால் பொதுத் தேர்தலில் அந்தப் பதிவு எவரையும் கட்டுப்படுத்தாது. இதை விளங்கிக்கொள்ளவே எங்களில் பலருக்கு நேரம் பிடித்தது. "அரசாங்கப் பதிவேட்டுல கட்சி பேரை எழுதிக் கொடுத்துட்டு வேற கட்சிக்குப் போடலாமா?" என்று என் அண்ணன் மகளே கேட்டாள்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகருக்கு வடக்கே உள்ள மேக்கம்ப் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. 1960இல் அங்கே 63 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு வாக்களித்தார்கள். 1984இல் 66 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சியின் ரேகனுக்கு வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காகவே கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஸ்டான்லி கிரீன்பர்க் அங்கே போய் மக்களிடம் பேசி, தங்களை உயர்த்திய கட்சி இப்போது வேறு யாருக்காகவோ உழைக்கிறது என்று அவர்கள் நினைப்பதை எழுதினார். "ரேகன் ஜனநாயகவாதிகள்" என்ற பெயர் நிலைத்தது. 2008, 2012 தேர்தல்களில் அதே கவுண்டி ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு வாக்களித்தது, 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு. அவர் மிச்சிகனை வென்ற வித்தியாசம் 10,704 வாக்குகள். மேக்கம்பில் மட்டும் அவர் பெற்ற முன்னிலை சுமார் 48,000. இதுவரை எல்லாம் நன்று.

இதற்கு மேல்தான் பிழை. ஒபாமாவை இருமுறை வெல்ல வைத்து 2016இல் டிரம்புக்கு மாறிய கவுண்டிகள் 206 என்று பலகையில் எழுதிவிட்டு, "ஆக, இங்கே உள்ளவர்கள் கட்சி மாறிவிட்டார்கள்" என்று ஆசிரியர் முடித்தார். கவுண்டி மாறியது உண்மை. அதற்காக ஒரே ஆட்கள் மாறினார்கள் என்று ஆகிவிடாது. சென்ற முறை வாக்களித்தவர் இந்த முறை வீட்டில் இருந்திருக்கலாம். சென்ற முறை வராதவர் இந்த முறை வந்திருக்கலாம். சிலர் இறந்திருக்கலாம், சிலர் குடிபெயர்ந்திருக்கலாம். மூன்றாம் வாரத்தில் கேரளத்தின் ஒற்றை வாக்கை வைத்து நிகரக் கணக்கின் எல்லையை அவ்வளவு அழகாகச் சொன்னவர், அமெரிக்காவுக்குப் போனதும் அதே எல்லையை மறந்தது ஏமாற்றம்தான். தனி மனிதர்கள் மாறினார்களா என்பதற்கு, அதே ஆட்களை இரு தேர்தல்களிலும் பின்தொடர்ந்து கேட்கும் ஆய்வுகள் உண்டு. ஒபாமாவுக்கு வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் 2016இல் டிரம்புக்கு மாறியதாக அவை காட்டின. இதை நான் எழுந்து சொன்னபோது, "அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறேன்" என்று குறித்துக்கொண்டார். சேர்த்தால் நல்லது.

அங்கேயும் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வாளர் குழு இருக்கிறது. 538 பேர்; வெற்றிக்கு 270. அவர்களும் மாறலாமா என்ற கேள்விக்கு ஆசிரியர் தந்த விடை செறிவானது. 2016இல் ஏழு பேர் தாம் வாக்களிக்க வேண்டியவரை விட்டு வேறு பெயர்களை எழுதினார்கள்; ஐவர் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன் பக்கத்தவர், இருவர் டிரம்ப் பக்கத்தவர். 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படி மாறுபவர்களை மாநிலங்கள் தண்டிக்கலாம், மாற்றலாம் என்று தீர்ப்பளித்தது. சாதாரண வாக்காளருக்கு அங்கே முழுச் சுதந்திரம், தேர்வாளருக்குக் கட்டு. நம் நாட்டிலோ சட்டமன்றத்தில் கொறடாவுக்குக் கட்டுப்பட்ட உறுப்பினருக்கு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஒரு நாளில் மட்டும் சுதந்திரம். இந்த எதிர்முரணை ஆசிரியர் பலகையில் இரு கட்டங்களாக வரைந்தார். நான் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே நாளில் ஒரே வாக்காளர் இரு கட்சிகளுக்கு வாக்களிப்பதும் அன்று பேசப்பட்டது. 2024இல் அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்களிலும் அதிபர் தேர்தலில் டிரம்ப் வென்றார். அதே நாளில் அங்கே நாடாளுமன்ற மேலவையான செனட்டின் இடங்களை ஜனநாயகக் கட்சி வென்றது. இது ஏதோ அமெரிக்க அதிசயம் என்பதுபோல் சொல்லப்பட்டபோது, மானாமதுரையிலிருந்து வரும் ஓர் இளைஞர் எழுந்து, 2019 ஏப்ரலில் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் திமுக அணியின் காங்கிரஸ் வேட்பாளர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றபோது, அதே நாளில் வாக்கெடுப்பு நடந்த மானாமதுரைச் சட்டமன்ற இடைத்தேர்தலில் அதிமுக வென்றதை நினைவூட்டினார். தேனியில் அதற்கு நேர்மாறு: மக்களவை இடம் அதிமுகவுக்கு, அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்கு. உடனே இன்னொருவர் 1980ஐ இழுத்தார். ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக–காங்கிரஸ் அணிக்கு 39இல் 37; அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் அதிமுகவுக்கு 129. ஆசிரியரின் குறிப்பேட்டில் இவை இல்லை. இருந்திருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் அமர்ந்து மிச்சிகனை விளக்குபவர் மானாமதுரையிலிருந்து தொடங்கியிருந்தால் நான்காம் வாரத்தின் பாதிக் குழப்பம் இருந்திருக்காது.

இலங்கைக்குக் கிடைத்தது இருபது நிமிடங்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த குடும்பங்களின் வாரிசுகள் பாதி நாற்காலிகளில் இருக்கும் இடத்தில் இது அநியாயம். ராஜபக்ச அமைச்சரவையிலிருந்து வெளியேறி எதிரணி வேட்பாளரான மைத்திரிபால சிறிசேன 2015 ஜனவரியில் 51.28 விழுக்காடு பெற்று வென்றதையும், அதில் வடக்கு, கிழக்குத் தமிழர் வாக்குகளின் பங்கையும் சொன்னார். 2024 செப்டம்பரில் அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டி வந்ததையும் சொன்னார். 1969ஐயும் 2024ஐயும் ஒரே பலகையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நேரமில்லாமல் கைவிட்டுப் போனது.

அச்சிட்ட குறிப்புக்குத் தனியாக 150 ரூபாய். எழுத்து மிகப் பொடி; எண்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் அமெரிக்கப் பகுதியில் கட்சிப் பெயர்கள் இரண்டு இடங்களில் இடம் மாறியிருக்கின்றன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டால் வம்பு.

ஆறாம் வாரம் மாதிரித் தேர்தல். இதற்காகவே முழுக் கட்டணமும் தகும் என்று எழுதத் தயங்கமாட்டேன். வந்திருந்த 30 பேரையும் மூன்று மாநிலங்களாக்கினார்கள்: முகப்பில் 8 பேர், ஒரு வாக்கின் மதிப்பு 7, வளவில் 12 பேர், மதிப்பு 4, இரண்டாங்கட்டில் 10 பேர், மதிப்பு 3. வேட்பாளர்கள் ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும். எவர் எந்தக் கட்சி என்பது குலுக்கல் சீட்டில் முடிவாகி, பெயரோடு பலகையில் எழுதப்பட்டது. முகப்பில் கல்லுக்கு 5, சேலைக்கு 3; வளவில் ஆறுக்கு ஆறு; இரண்டாங்கட்டில் 6, 4. கட்சிக் கட்டுப்பாடு நின்றால் கல்லுக்கு 77, சேலைக்கு 57. பிரசாரம் என்று பத்து நிமிடம் விட்டார்கள். பெட்டகத்தின் மறைவில் ஒரு மேசை, அதன்மேல் ஊதா மை பேனா, நூலில் கட்டியபடி.

எண்ணினார்கள். முதலில் வளவு: கல் 5, சேலை 6, ஒன்று செல்லாது, ஏனெனில் இலக்கம் போடாமல் "ஒன்று" என்று எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டாங்கட்டு: ஐந்துக்கு ஐந்து. ஒருவராவது மாறியிருக்க வேண்டும். கடைசியாக முகப்பு: கல் 4, சேலை 3, மீதி ஒரு சீட்டு. ஆசிரியர் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். சேலைக்கு எதிரே ஊதா மையில் "௧" என்று இருந்தது. இது எழுத்து, இலக்கம் இல்லை, செல்லாது என்று கல் கட்சியினர் எழுந்தார்கள். ஆசிரியர் விதியைப் படித்தார்: விருப்பத்தை இலக்கத்தால் குறிக்க வேண்டும், அது இந்திய மொழி எதனுடைய இலக்கமாகவும் இருக்கலாம், சொல்லால் மட்டும் எழுதக் கூடாது. ஆகவே ௧ செல்லும். சேலை 67, கல் 63, தேவை 66. அந்தச் சீட்டைத் தள்ளியிருந்தால் கல் 63, சேலை 60, தேவை 62 ஆகி முடிவே தலைகீழாகியிருக்கும்.

ஆனால் அதற்குள் 30 தலைகளும் என் பக்கத்து நாற்காலியை நோக்கித் திரும்பிவிட்டன. பலகையில் கல் கட்சி என்று எழுதப்பட்டிருந்த அந்தப் பெரியவர் ஒருவர்தான், ஆறு வாரமும் தம் குறிப்புகளைத் தமிழ் இலக்கத்தில் எழுதியவர். பர்மாக் கடையில் மேலாளாக இருந்த தகப்பனாரிடம் சிட்டை எழுதிப் பழகிய கை. எல்லோருக்கும் ஒரே மை தருவது எதற்காக என்பது அந்த ஒரு நொடியில் அறை முழுவதற்கும் விளங்கிவிட்டது. ஆசிரியர் சங்கடப்பட்டு, சீட்டை மடித்துக் கட்டோடு வைத்துவிட்டார். பெரியவருக்குச் சங்கடம் ஏதுமில்லை. "கண்டாங்கி நெய்யிற வீட்டுல பொண்ணு எடுத்தவன் நான், வேற எங்க போடுவேன்?" என்று சொல்லிவிட்டுப் பணியாரத் தட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சுற்றில் அமெரிக்கப் பகுதியைத் திருத்தி, நேரத்துக்குத் தொடங்கினால், தேர்வு எழுதுபவர்கள் மட்டுமல்லாமல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் தாராளமாகச் சேரலாம். முன்கூட்டிப் போய் முகப்பில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தேவகோட்டைப் பேருந்தில் திரும்பும்போது, இரண்டாங்கட்டில் கல் கட்சியில் இருந்த என் அண்ணன் மகளிடம், மாறியது யார் என்று கேட்டேன். "முகப்புல ஐயா மாட்டுனதைப் பார்த்தீங்கள்ல சித்தப்பா, நான் சாதாரண ஒண்ணுதான் போட்டேன்" என்றாள். எதற்கு எதிரே போட்டாள் என்பதைச் சொல்லவில்லை.